வாங்கியதெல்லாம் சம்மதம் இல்லை

அன்புள்ள தம்பி,

இலவச ஆன்லைன் கேம் வடிவமைக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாய். சீக்கிரமே உன் முன்னால் ஒரு திரையை வைப்பார்கள். நேற்று எத்தனை பேர் ஆடினார்கள், எத்தனை பேர் இன்று திரும்பி வந்தார்கள், எந்தப் பொருள் எவ்வளவு விற்றது என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் விற்றதை எல்லாம் ‘பிடித்திருக்கிறது’ என்று மட்டும் படித்துவிடாதே.

கனடாவின் டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ் நிறுவனம் 2013-ல் ‘வார்ஃப்ரேம்’ என்ற இலவச கேமை வெளியிட்டது. அதில் குப்ரோ என்று நாய் போல ஒரு வளர்ப்புப் பிராணி உண்டு. அதன் ரோம நிறத்தை மாற்ற, கொஞ்சம் காசு கட்டி ஒரு பொத்தானை அழுத்தலாம். என்ன நிறம் வரும் என்பது அதிர்ஷ்டம். ஒரே ஆள் ஏறத்தாழ 200 முறை அழுத்தியிருப்பதைக் குழு கவனித்தது. வியாபாரக் கண்ணுக்கு அது அமோக வெற்றி. அவர்களோ, சூதாட்ட மெஷினைச் செய்து வைத்துவிட்டோமே என்று பதறி, சில நாளிலேயே அதை எடுத்துவிட்டார்கள். பின்னாளில் ஓர் ஆவணப்படத்தில் அவர்களே சொன்னது இது. அந்த 200 அழுத்தல்களும் ஆடியவரின் கருத்துதான். அதைப் புகாராகப் படிக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காசு கட்டாதவர்களையும் கேள். இலவச கேமில் பெரும்பாலோர் அவர்கள்தான். விற்பனைத் திரையில் அவர்கள் முகமே தெரியாது. ஆனால் அவர்கள் போய்விட்டால், காசு கட்டியவருக்கு எதிராளியும் கிடைக்கமாட்டார், கூட்டாளியும் கிடைக்கமாட்டார்.

ஆடுகிறவர்களைக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜாகெக்ஸின் ‘ரூன்ஸ்கேப்’ கதையை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கேமுக்குள் கிடைக்கும் தங்கத்தை வெளியே விற்கும் கும்பல்கள், திருட்டு கிரெடிட் கார்டுகளைக் கொண்டு உள்ளே புகுந்தன. அதைத் தடுக்க, 2007 டிசம்பர் தொடங்கி, ஆடுகிறவர்களுக்குள் தாராளமாக நடந்த கொடுக்கல் வாங்கலையும் காட்டுப் பகுதிச் சண்டையையும் நிறுவனம் முடக்கியது. காரணம் நியாயமானது. ஆனால் நண்பனுக்கு விலை உயர்ந்த ஒரு வாளைச் சும்மா கொடுக்கக்கூட வழியில்லாமல் போனது. கொந்தளிப்பு ஆண்டுக்கணக்கில் அடங்கவில்லை. கடைசியில், பழைய முறையைத் திருப்பிக் கொண்டுவரலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். சுமார் 12 லட்சம் வாக்குகள். பத்தில் ஒன்பது பேர் ‘வேண்டும்’ என்றார்கள். 2011-ல் பழைய முறை திரும்பியது, கூடவே ‘பாட்’ எனப்படும், ஆள் இல்லாமல் தானே ஆடும் நிரல்களும் படையெடுத்தன. அவற்றை ஒழிக்க அந்த ஆண்டு அக்டோபரில் நிறுவனம் பெரிய களையெடுப்பு நடத்தியது. அதுதான் சரி என்பேன். திருடனைப் பிடிப்பது நிறுவனத்தின் வேலை. அதன் விலையை நேர்மையாக ஆடுகிறவர் கட்டக்கூடாது.

2013-ல், 2007-ஆம் ஆண்டின் வடிவத்தையே மீண்டும் திறக்கலாமா என்று கேட்டபோது ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் வாக்களித்தார்கள். ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ பிறந்தது. அதில் புதிதாக எது வருவதானாலும் வாக்கெடுப்பில் 75 சதவீதம் தேற வேண்டும் என்று வைத்தார்கள். 2022-ல் அதை 70 ஆக்கினார்கள். ஏன் 51 போதாது? பாதிப் பேர் வெறுக்கும் மாற்றம் அந்தப் பாதியை வெளியே அனுப்பிவிடும். கடற்பயணம் என்ற புதுத் திறனைச் சேர்க்கும் யோசனை 2015 வாக்கெடுப்பில் தோற்றது. பிறகு வேறு மாதிரி கேட்டார்கள்: புதுத் திறன் வேண்டுமா என்பது முதலில், மூன்று யோசனைகளில் எது என்பது அடுத்து, அதன் பிறகே விவரங்கள். 2023-ல் கடற்பயணம் தேறியது. கேட்கும் வரிசையில் எவ்வளவு இருக்கிறது பார்!

எல்லாவற்றையும் வாக்குக்கு விடவும் முடியாது. ‘அந்தத் துப்பாக்கியின் பலத்தைக் குறை’ என்று நூறு பேர் எழுதுவார்கள். உடனே குறைக்காதே, ஒதுக்கியும் விடாதே. அவர்கள் தோற்ற ஆட்டங்களைப் போட்டுப் பார். எதிரியின் காலடிச் சத்தம் காதில் விழாதது கோளாறாக இருக்கலாம். புதியவரைப் பழுத்த ஆட்டக்காரரோடு மோதவிட்டது கோளாறாக இருக்கலாம். வலி உண்மை, மருந்தைத் தேடுவது உன் பொறுப்பு. எதை மாற்றினாலும் யார் சொல்லி மாற்றினாய் என்று எழுது. மறுத்தாலும் காரணத்தைச் சொல். மௌனத்தைத்தான் அவர்களால் பொறுக்க முடிவதில்லை.

உன் திரையில் அதிகம் செலவழித்தவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அவர்கள் எந்த நேரத்தில், எத்தனை முறை, எதற்காக வாங்கினார்கள் என்று நாளைக்கே பார்த்துவிடு. ஒரே இரவில் ஒருவர் அதே பெட்டியைத் திரும்பத் திரும்ப வாங்கியிருந்தால், மாதாந்திரக் கூட்டத்தில் அந்த வருமானத்துக்குக் கைதட்டல் விழுவதற்கு முன் நீ எழுந்து பேசு.

அன்புடன்,
அண்ணன்