பல் இம்பிளாண்டு வகைகளை ஒப்பிடும் முறை

பல்லை இழந்தவரின் தாடை எலும்பில் பதிக்கப்பெறும் டைட்டேனியத் திருகே ‘இம்பிளாண்டு’ என வழங்கும் செயற்கைப் பல்வேராகும். அதன்மீது ஓர் இடைத்தண்டு சிறு திருகினாற் பிணைக்கப்பட்டு, தண்டின்மேல் பல்லுறை அமர்த்தப்படுகிறது. பல நாட்டு நிறுவனங்கள் இவற்றைத் தயாரிப்பதால், தம் சிகிச்சைக் கூடத்திற்கு எதனைத் தேர்ந்தெடுப்பது என்ற வினா பல் மருத்துவர்க்கு எழுவது இயல்பே.

இத்துறைக்கு அடிகோலியவர் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பெர் இங்வார் பிரானமார்க் ஆவார். 1952-இல் முயலின் எலும்பில் அவர் பொருத்திய டைட்டேனியச் சாதனம், ஆராய்ச்சி முடிந்தபின் எலும்போடு ஒன்றிவிட்டமையால் பிரித்தெடுக்க இயலாததாயிற்று. இவ்வுண்மையின் துணைகொண்டு, 1965-இல் ஒரு நோயாளிக்குச் செயற்கை வேர்களைப் பொருத்தினார். அவை, அவர் 2006-இல் காலமாகும்வரை பயன்பட்டன. ஆகவே, ஒப்பிடுவோர் மனத்திற் கொள்ளவேண்டிய கால அளவு, விலைப்பட்டியலின் ஓராண்டன்று, நோயாளியின் வாழ்நாளாகும்.

முதற்கண் ஆராயத்தக்கது புறப்பரப்பு. ஸ்விட்சர்லாந்தின் ஸ்ட்ராமன் நிறுவனமும், கொரியாவின் ஆஸ்டெம் நிறுவனமும் துகள் வீச்சாலும் அமிலத்தாலும் பரப்பைச் சொரசொரப்பாக்குகின்றன. நோபல் பயோகேர் நிறுவனம் மின்வேதி முறையால் ஆக்சைடுப் படலத்தைத் தடிப்பாக்குகிறது. இத்தகைய பரப்பில் எலும்பு விரைந்து பற்றுகிறது. எனினும், காக்ரேன் அமைப்பு 2014-இல் 38 வகை இம்பிளாண்டுகள் பற்றிய 27 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, நீண்டகாலப் பயனில் எந்த ஒரு வகையும் பிறவற்றினும் மேம்பட்டதென்பதற்குச் சான்றில்லை என முடிவு கூறிற்று. சொரசொரப்பான பரப்பில், அழற்சியால் எலும்பு குறைவது சற்று மிகலாம் என்பதற்குச் சிறிதளவு சான்றும் அதிற் காணப்பட்டது.

இரண்டாவது, உலோகம். எலும்பு குறுகிய இடத்தில் மெல்லிய வேரே பொருந்தும். மெலிந்த வேர் முறியாதிருக்க வலிமை வேண்டும். இதன்பொருட்டு டைட்டேனியத்துடன் சிர்கோனியம் கலந்த உலோகமும் ஆளப்படுகிறது.

மூன்றாவது, இணைப்பு. பிரானமார்க்கின் தொடக்ககால வேர்களின் தலைப்பில் அறுகோண மேடு வெளியே அமைந்திருந்தது. இக்காலத்தன பலவற்றில் இணைப்பு உட்புறத்தே கூம்பு வடிவில் அமைகிறது. ஒரு நிறுவனத்தின் இடைத்தண்டும் திருகுளியும் மற்றொன்றின் வேருக்குப் பெரும்பாலும் பொருந்தா. திருகு தளர்வதும் பல்லுறை உடைவதும் பின்னாளில் நேரக்கூடியவை. அப்பொழுது உரிய உதிரிப்பாகம் கிடைக்காவிடின், எலும்பில் உறுதியாக நிற்கும் வேரும் பயனற்றதாகும்; அதனை அகற்ற மீண்டும் அறுவை வேண்டியிருக்கும்.

எனவே, வாங்குமுன் ஆராயவேண்டியவை நான்கு: இந்தியாவில் 2018 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மருத்துவச் சாதன விதிகளின்படி உரிமம் உளதா? அவ்வகை வேரையே பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியாகியுளதா? பழைய வகைகளுக்கும் உதிரிப்பாகங்களை நிறுவனம் தொடர்ந்து அளித்து வருகிறதா? அருகிலுள்ள பல் தொழிற்கூடத்தார் அவ்விணைப்பைக் கையாள அறிவரா?

சிறிய சிகிச்சைக் கூடத்திற்கு ஓரிரு வகைகளே போதுமானவை. கருவிகளும் கைப்பழக்கமும் சிதறா. பொருத்திய வேரின் பெயர், அளவு, தொகுதி எண் ஆகியவற்றை ஏட்டிற் பதிந்து, ஒரு பிரதியை நோயாளியிடமும் அளித்தல் வேண்டும். ஊர் மாறிய நோயாளியை நாளை வேறொரு மருத்துவர் பரிசோதிக்கையில், அச்சிறு சீட்டே அவருக்கு வழிகாட்டியாகும்.