காலக்குறிப்பும் பொருட்டெளிவும்

‘மா பூத்தது’ என்றவிடத்து மரத்தையும், ‘மா ஓடிற்று’ என்றவிடத்து விலங்கையும் உணர்கின்றோம். பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினையானும் இனத்தானும் சார்பானும் தெளிதல் வேண்டும் என்பது தொல்காப்பியனார் சொல்லதிகாரத்திற் காட்டிய நெறி. எண்களால் எழுதப்படும் நாட்குறிப்பிற்கும் இந்நெறி வேண்டப்படும் என்பதை அண்மையில் யானே இடர்ப்பட்டு உணர்ந்தேன்.

யானும் என் நண்பர் ஒருவரும் பழைய உரைநூல் ஒன்றைக் கணிப்பொறியிற் பெயர்த்தெழுதி வருகின்றோம். யார், எப்பொழுது, எதனைத் திருத்தினார் என்பதைக் காத்துவைக்க ‘கிட்’ என்னும் மென்பொருளைக் கையாளுகின்றோம். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 2005ஆம் ஆண்டில் இதனை இயற்றினார். ஜூலைத் திங்களிறுதியில் யான் எழுதிய பகுதியை நண்பர் ஆகஸ்டு 7ஆம் நாள் திருத்தினார். சின்னாட் கழித்து அதனைப் பதிந்த யான், நாளை 7/8/2025 எனக் குறித்தேன். கருவியோ அதனை ஜூலை 8 எனக் கொண்டது. எழுதப்படுமுன்னரே திருத்தப்பட்டதாகப் பதிவு நின்றது! ஆசிரியர்க்குக் காட்டவேண்டிய பதிவாதலின், நண்பர் நாளைப் புனைந்தாரோ என்னும் ஐயம் எழுதற்கும் இடமாயிற்று. பிழை என்னுடையது, பழியோ அவருடையதாக இருந்தது.

இதன் காரணத்தை ஆராய்ந்தேன். சாய்கோட்டாற் பிரிந்த எண்களுள் முதலதை, அமெரிக்க வழக்குப்படி, திங்களாகவே அக்கருவி முதற்கண் கொள்ளும். புள்ளியாற் பிரித்து 7.8.2025 என எழுதினால், ஐரோப்பிய வழக்குப்படி முதலெண்ணை நாளாகக் கொள்ளும். ஈண்டுப் புள்ளியே சார்பு. 13/8/2025 எனின், பதின்மூன்றாந் திங்கள் இன்மையின், நாளென்றே தெளியும். கொண்ட பொருள் இன்றைக்குப் பத்து நாட்கு அப்பால் எதிர்காலத்திற் செல்லுமாயின், அதனை விலக்கி வேறு பொருள் தேடும். இவ்வாறு கருவியும் சார்பு நோக்குகின்றது. ஆயினும் எழுதியவன் நாளை முன்னெழுதும் நம் நாட்டு வழக்கினன் என்பதை அஃது எண்ணாது.

இவ்விடர் கணிப்பொறிக்கே உரியதன்று. தரமணியில் மென்பொருள் நிலையங்கள் நிறைந்த டைடல் பூங்காவும் உண்டு. பழந்தமிழ் அச்சுநூல்களைப் பேணும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உண்டு. பழைய நூலின் முகப்பில் ‘விசுவாவசு வருடம் தை மாதம்’ என்று மட்டும் இருப்பின், அறுபதாண்டுச் சுழற்சியால் அது 1846, 1906, 1966 ஆகிய எதனையும் குறிக்கலாம். ஆண்டு சித்திரையிற் பிறத்தலால், 1905இல் தொடங்கிய விசுவாவசுவின் தை 1906ஆம் ஆண்டிலேயே வரும் என்பதும் கருதத்தக்கது. அச்சகத்தின் பெயர், பதிப்பித்தார் வாழ்ந்த காலம், தாளின் தன்மை ஆகிய சார்புகளே அங்கு ஐயம் நீக்குவன.

பழம்பதிப்பாளரை இனி வினவ இயலாது. நாமோ இன்று எழுதுகின்றோம். ஆண்டு, திங்கள், நாள் என்னும் முறையில் 2025-08-07 என எழுதுவோமாயின் ஐயத்திற்கு இடமில்லை. 1988இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 என்னும் பன்னாட்டு நெறியும் இதுவே. அவ்வாறே பதிவைத் திருத்தி, நண்பரிடம் பொறுத்தருள வேண்டினேன். சார்பு கொண்டு தெளிதல் படிப்போன் கடன். சார்பு தேடவேண்டாதபடி எழுதுதல் எழுதுவோன் கடன். மாணவராகிய நாம் பின்னதனை மறவாதிருப்போமாக.