கீழே கிடக்கும் ஜீரோ டிக்கெட்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தை இரண்டு முறை பார்த்தேன். கைபேசிகளிலிருந்து திரட்டிய வேகத்தை வைத்து ஹைதராபாத் சாலைகளுக்கெல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு பூசியிருக்கிறாய். மாதாப்பூர் பக்கம் ஒரே ரத்தக் களரி. "இதில் எதை முதலில் சரிசெய்யலாம் சார்?" என்று கேட்டிருந்தாய். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பையனுக்குத் தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் போக்குவரத்துத் திட்டமிடல் படித்துவிட்டு இந்த ஊருக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் இதையேதான் கேட்கிறீர்கள். அதனால் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் பழைய பாவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990களின் கடைசியில் ஒரு ஆலோசனை நிறுவனத்துக்காக செகந்திராபாத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். நேற்று எங்கெங்கே போனீர்கள், எதில் போனீர்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டு நிரப்பும் படிவம். சீதாபல்மண்டியில் ஒரு ஓட்டு வீடு. வீட்டுக்காரர் தன் பயணத்தை நிமிடக் கணக்கோடு ஒப்பித்தார். மனைவியைப் பற்றிக் கேட்டதும், "ஆவிட எக்கடிகி வெள்ளது" என்று முடித்துவிட்டார். அவள் எங்கும் போவதில்லையாம். நானும் ஒரு பூஜ்யம் போட்டேன். உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாள் அப்படியே மாவுக் கையோடு வெளியே வந்தார். காலையில் பால் பூத். சின்னவனைப் பள்ளியில் விட்டு, அப்படியே ரேஷன் கடையில் நின்று, வீடு வந்தது. மத்தியானம் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தது. சாயங்காலம் தைத்த ஜாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பயணம். வீட்டுக்காரருக்கு இரண்டு.

அன்று மாலை அலுவலகத்தில் என் மேலாளர் படிவத்தைப் புரட்டிப் பார்த்து, "நடையெல்லாம் ட்ரிப்பாப்பா? பஸ்ஸை மட்டும் வை" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனது வந்தது மட்டும் மிஞ்சியது; ஒன்பது இரண்டானது. நான் வாயைத் திறக்கவில்லை. புது வேலை, கல்யாணமான புதுசு, என்னென்னவோ காரணம்.

உன் வரைபடத்தில் அந்த அம்மாளுக்கு என்ன நிறம்? கார் நகரும் வேகம் அதில் இருக்கிறது, பைக் இருக்கிறது. கூகுள்காரர்கள் 'கிரீன் லைட்' என்று ஒரு திட்டத்தில் இதே மாதிரித் தகவலை வைத்து இந்த ஊர் சிக்னல்களுக்கு யோசனை சொல்கிறார்கள். வண்டிகள் நின்று நின்று கிளம்புவது குறைந்தால் புகையும் குறையும், நல்லதுதான். ஆனால் பச்சை விளக்கு பத்து நொடி நீளும்போது, குறுக்கே போகக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்குக் காத்திருப்பும் அதே பத்து நொடி நீளுகிறது. அது யார் கணக்கிலும் ஏறுவதில்லை. 2023ல் உப்பலில் ஸ்கைவாக் திறந்தார்கள். லிஃப்ட் உண்டு, எஸ்கலேட்டர் உண்டு. நானே போய் நடந்தேன், குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஏறி இறங்குவது யார், ஏறாமல் நேராகப் போவது யார் என்று ஒரு நிமிடம் நின்று பார். வாகனங்களைவிட மனிதர்களை நகர்த்துவதே குறி என்று தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை எழுதி வைத்தது 2006ல்.

அந்த அம்மாளைப் போன்றவர்களைப் பற்றி இத்தனை வருடமாக நம்மிடம் தகவலே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம். இப்போது கொட்டிக் கிடக்கிறது, பஸ் தரையில். 2023 டிசம்பர் 9 அன்று மகாலட்சுமி திட்டம் தொடங்கியது. தெலங்கானா முகவரியுள்ள பெண்களுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகமான ஆர்டிசியின் பஸ்ஸில் கட்டணம் இல்லை. நகரத்துக்குள் ஆர்டினரியிலும் மெட்ரோ எக்ஸ்பிரஸிலும் செல்லும். (மெட்ரோ எக்ஸ்பிரஸ் என்பது பஸ், ரயில் இல்லை. நீயும் ஒருநாள் ஏமாறுவாய்.) நம் தமிழ்நாட்டில் இது 2021 மே மாதமே வந்துவிட்டது. கட்டணம் இல்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு. எங்கே ஏறினாள், எங்கே இறங்குகிறாள், அதற்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று மெஷினில் பதிந்து ஒரு ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஆர்டிசிக்கு அரசு பணம் தரும். ஆக, பெண்களின் பயணத்தை எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் இந்த ஊரில் முதல் முறையாக ஒரு கருவூலக் கணக்குக்கு வந்திருக்கிறது. ஆய்வாளன் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காதது, பில் போடுவதற்காகக் கிடைத்துவிட்டது.

உடனே அதை அள்ளி மாடலில் போட்டுவிடாதே. போன மாதம் 49எம் பஸ்ஸில் போனேன். காலை ஒன்பது மணி, ஏறின கதவிலேயே நின்றேன். கண்டக்டர் அம்மாள் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தள்ளிக்கொண்டு வந்தார். திருப்பதி பெருமாள் முன்னால் நிற்பது போலவே இருந்தது. அவர் என் பக்கம் வந்து சேர்வதற்குள் மூன்று ஸ்டாப் தாண்டிவிட்டது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு, பஸ் அப்போது இருந்த ஸ்டேஜிலிருந்தே ஜீரோ டிக்கெட் அச்சாகி வந்தது. அவள் ஏறிய இடம் வேறு. புளிச்சக்கீரைக் கூடையோடு ஏறிய ஒரு பாட்டி நடுவில் இறங்கி வேறு பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். கணினிக்கு அது இரண்டு சின்னப் பயணம். அவளுக்கு மோண்டா மார்க்கெட்டிலிருந்து வீடு வரை ஒரே பயணம். நடுவில் வெயிலில் நின்ற நேரத்துக்கு ஒரு டிக்கெட்டும் இல்லை. இதையெல்லாம் திருத்துவதுதான் உன் தொழில். திருத்த வேண்டியது என்னவென்று பஸ்ஸில் நின்றால்தான் தெரியும்.

கணிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீ போய்வரும் மெட்ரோவின் கதையை உன் ஆபீஸில் யாராவது சொன்னார்களா? 2008ல் சத்யம் குடும்பத்தின் மேட்டாஸ் நிறுவனக் கூட்டணி, அரசு பணமே தர வேண்டாம், நாங்களே 35 ஆண்டுகளில் 30,311 கோடி ரூபாய் தருகிறோம் என்று ஏலம் எடுத்தது. ரயில் ஓட்டி எந்த ஊரில் அப்படி மிச்சம் பிடித்தார்கள்? டெல்லி மெட்ரோவின் ஸ்ரீதரன் திட்டக் கமிஷனுக்குக் கடிதம் எழுதினார்: இது நிலத்தைக் குறிவைத்த கணக்கு என்று. மாநில அரசு அவர் மேலேயே பாய்ந்தது. 2009 ஜனவரியில் சத்யம் கணக்குப் புரட்டு வெளியே வந்து, அந்த ஆண்டே மேட்டாஸ் ஒப்பந்தம் ரத்தானது. பிறகு எல் அண்ட் டி வந்தது. 2017 நவம்பரில் மியாப்பூரிலிருந்து நாகோல் வரை ரயில் ஓடியது. 2020க்குள் 69 கிலோமீட்டர். நாளொன்றுக்குப் 15 லட்சம் பேர் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். ஏறுவது 5 லட்சத்தை ஒட்டித்தான் நின்றது. நடுவில் கொரோனா வேறு. 2025 செப்டம்பரில், சுமார் 13,000 கோடி கடனோடு அரசே எடுத்துக்கொள்வது என்று முடிவானது. ரயில் நன்றாகத்தான் ஓடுகிறது, நான் தினமும் ஏறுகிறேன். அந்தப் 15 லட்சத்தைக் கணக்குப் போட்ட அறையில் உன் வயதுப் பையன் ஒருவன் இருந்திருப்பான். அவனிடம் யாரும் பொய் எழுதச் சொல்லியிருக்க மாட்டார்கள். இறங்கியபின் வீடு வரை எப்படிப் போவார்கள் என்ற இடத்தில், "ஃபீடர் பஸ் வரும்" என்று ஒரு வரி போட்டிருப்பான். அவ்வளவு போதும்.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று இந்தக் கிழவன் சொல்கிறான் என நினைக்காதே. கச்சிபௌலியில் இருக்கும் ட்ரிப்பிள் ஐடி ஆட்கள் இன்டெல்லோடு சேர்ந்து 2018ல் வெளியிட்ட 'இந்தியா டிரைவிங் டேட்டாசெட்' எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. அதற்கு முன் ஊரெல்லாம் பயன்படுத்திய 'சிட்டிஸ்கேப்ஸ்' பெரும்பாலும் ஜெர்மனித் தெருக்கள். அதில் பழகிய கணினிக்கு ஆட்டோ என்றால் என்னவென்றே தெரியாது. இவர்கள் ஹைதராபாத், பெங்களூரு பக்கம் வண்டி ஓட்டி, பத்தாயிரம் படங்களில் தெரிவதை 34 வகையாகப் பிரித்து அடையாளமிட்டார்கள். ஆட்டோவுக்குத் தனிப் பெயர், மாட்டுக்கும் நாய்க்கும் இடம். அதில் 'டிரைவபிள் ஃபால்பேக்' என்று ஒரு வகை வரும். தார் முடிந்து சுவர் தொடங்குவதற்கு நடுவில் கிடக்கும் மண், வண்டி வேண்டுமானால் இறங்கலாம் என்ற இடம். எவ்வளவு நேர்மையான பெயர் பார்! நம் சாலைக்கு விளிம்பு கிடையாது என்பதை ஒத்துக்கொண்ட பெயர். ஆனால் அதே மண் பட்டையில்தான் சீதாபல்மண்டி அம்மாள் பையனைக் கையில் பிடித்துப் போனாள். காருக்கு அது ஒதுங்கும் இடம், அவளுக்கு நடைபாதை. ஐஐடி ஹைதராபாத் வளாகத்தில் ஓட்டுநர் இல்லாத மினி பஸ்ஸே ஓடுகிறது. அது ஒருநாள் வெளியே வரும்போது, அந்த மண் யாருடையது என்று முடிவு செய்யும் நிரலை உன் தலைமுறைதான் எழுதும்.

ஆட்டோக்காரர்களை மறந்துவிடாதே. பெண்கள் பஸ்ஸுக்குப் போனதில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர்களின் வருமானம் விழுந்தது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதில் நியாயம் உண்டு. பஸ் போகாத சந்துக்குள் இன்னும் அவர்கள்தான் போகிறார்கள். மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் ஹைதராபாத்துக்கு 2,000 மின்சாரப் பஸ் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த வழித்தடத்தில் விடுவது என்ற கேள்வி உன் மேஜைக்கும் வரும். வரும்போது உன் வரைபடத்தின் சிவப்புக் கோடுகளை நீட்டாதே. எந்த ஸ்டாப்பில் ஜீரோ டிக்கெட் குவிகிறது, அங்கே எத்தனை பஸ் நிற்காமல் போகிறது என்று பார்.

செவ்வாய்க்கிழமை லீவு போடு. காலை எட்டேகாலுக்கு செகந்திராபாத் ரதிஃபைல் பஸ் ஸ்டேஷனில் நிற்பேன். மோண்டா மார்க்கெட்டில் டீ குடித்துவிட்டு, மெஹதிப்பட்டணம் வரை 49எம்மில் போவோம். நோட்டும் பேனாவும் போதும், லேப்டாப் நசுங்கிவிடும். சில்லறை எடுத்து வா. நம் இரண்டு பேருக்கும் ஜீரோ டிக்கெட் கிடையாது.

அன்புடன்,
வெஸ்ட் மாரேட்பள்ளியிலிருந்து உன் சார்