போஞ்சிக்கு யூரியா: அளவு மிஞ்சினால் யாருக்கு இலாபம்?



சென்ற மாதம் ஒரு லயத்துப் பக்கம் போயிருந்தோம். அங்கே ஒரு அக்காவின் வீட்டுத்தோட்டத்தில் போஞ்சிக் கொடி கறுகறுவென்று கொழுத்து நின்றது. "ஐயா, கடன் வாங்கி யூரியா போட்டேன். இலையாத்தான் வருது, காயைக் காணோம். இப்ப நுனியெல்லாம் சுருண்டு போச்சு" என்று கவலைப்பட்டார். இலையைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் அழுக்கணவன் பூச்சி அப்பிக் கிடந்தது.

இது ஏன்? 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் இருக்கிறது. அது இலையை வளர்க்கும் சத்து. அளவு மிஞ்சினால் தண்டும் இலையும் மெதுமெதுவென்று ஆகும். சாற்றிலே பூச்சிக்கு வேண்டிய சத்தும் கூடும். அழுக்கணவன் நேரடியாகக் குட்டி போடுகிற பூச்சி. நல்ல சாறு கிடைத்தால் மளமளவென்று பெருகிவிடும்.

அதைத் தின்னவும் ஆள் உண்டு. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளியுள்ள பொறிவண்டுதான் அது. அதன் குஞ்சு கறுப்பாக, குட்டி முதலை மாதிரி இருக்கும். கெட்ட பூச்சி என்று அதைத்தான் நாம் நசுக்கிவிடுகிறோம்! அழுக்கணவன் அளவுமீறிப் பெருகினால் பொறிவண்டால் ஈடுகொடுக்க முடியாது. அந்த நேரம் மருந்தடித்தால் வண்டும் செத்துப்போகும். பிறகு, மிஞ்சிய பூச்சியைக் கேட்பாரில்லை.

உரமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2021இல் இரசாயன உரம் இறக்குமதி செய்யத் தடை வந்தது. அந்த வருஷம் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. உரத் தட்டுப்பாடு அதற்கு ஒரு முக்கிய காரணம். தேயிலையில் நாம் எடுப்பது கொழுந்து. அதற்கு இலைச்சத்து வேண்டும். அதைக்கூட ஒரே தடவையில் கொட்டுவதில்லை, பிரித்துத்தான் போடுகிறோம். போஞ்சியில் நமக்கு வேண்டியது காய். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனையே பிடித்துக் கொடுக்கும். யூரியா கூடினால் அந்த வேலை குறைந்துவிடும்.

நாம் செய்யவேண்டியவை:

1. நன்றாக மக்கிய மாட்டெருவை நடுவதற்கு முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள்.

2. யூரியா போடுவதானால் விவசாயப் போதனாசிரியரிடம் அளவு கேட்டு, பிரித்து, ஈரமண்ணில் போடுங்கள்.

3. வாரத்தில் இரண்டு நாள் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். பூச்சி கொஞ்சமாக இருக்கும்போதே விரலால் நசுக்கிவிடுங்கள்.

4. 'குட்டி முதலை'யைக் கொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.

மலையேறி உழைத்துச் சேர்த்த காசு, பூச்சிக்குத் தீனியாகப் போகலாமா?