தந்தை சொல்லும் தன் உள்ளமும்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தே, பழனி நகர்க்கு அணித்தாய் அமைந்துள்ளது எம் ஊராகிய பாலசமுத்திரம். எம்மூர்ப் பிள்ளைகள் கேட்டு வளரும் முதற்கதை பழனித் தலக்கதையே. கனியொன்று தனக்குக் கிட்டாமையாற் சினந்த முருகன், தாய்தந்தையரை நீங்கி மலையேறி நிற்க, அவர்கள் பின்தொடர்ந்து வந்து, 'பழம் நீ' என்று தேற்றினர் என அது கூறும். சமயத்தால் வேறாயினும் யாமும் அக்கதையைக் கேட்டே வளர்ந்தோம். பன்னிரண்டாம் அகவையில் எருசலேம் தேவாலயத்திலே தங்கிவிட்ட இயேசுவைப் பெற்றோர் தேடியலைந்து மூன்று நாள் கழித்துக் கண்ட செய்தியை லூக்காவின் நற்செய்தி உரைக்கின்றது. பிள்ளை பிரிந்து நிற்றலும் பெற்றோர் வருந்தித் தேடுதலும் எக்காலத்தும் எவ்வில்லத்தும் நிகழ்வன என்பதனை இவ்விரண்டும் உணர்த்தும்.

இப்பருவத்தின் இயல்பு யாது? 10 முதல் 19 வரையுள்ள அகவையை வளரிளம் பருவமென உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ளது. இப்பருவத்தே மூளையில் உணர்ச்சிக்குரிய பகுதிகள் விரைந்து கிளர்ச்சியுறுகின்றன. பின்விளைவை எண்ணித் துணிதற்குரிய முன்பகுதியோ இருபத்தைந்தாம் அகவையை ஒட்டியே முழு வளர்ச்சி எய்துகின்றது. ஆகவே, நம்மனோர்க்குச் சினமும் துயரமும் விரைந்து எழுதல் இயல்பு. வழிகாட்டுவார் வேண்டப்படுதலும் இயல்பு. எனினும், தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டுமென்னும் வேட்கை வீம்பன்று. அது வளர்ச்சியின் அடையாளமே. இவ்விரண்டும் ஓருள்ளத்தே ஒருங்கு நிற்றலால் விளைவதே இளைஞரின் உளச்சுமை. அதன்மேல் தேர்வச்சமும், பிறரோடு ஒப்பிட்டுரைக்கும் உறவினர் சொல்லும், இரவெல்லாம் கைப்பேசியை நோக்கி உறக்கம் இழத்தலும் சேருமாயின் சுமை இருமடங்காகின்றது.

இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு நம் தமிழுலகிலேயே உளது. 1855-ஆம் ஆண்டிற் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனும் இசையிலே வல்லவனாதல் வேண்டுமென விரும்பியவர். மைந்தர் உள்ளமோ தமிழின்பாற் சென்றது. ஆங்கிலம் பயில்க என்றும், வடமொழி பயில்க என்றும் அறிவுரைத்தார் பலர். தந்தையார் மகனது விருப்பத்தை அறிந்து, அரியலூர், குன்னம், செங்கணம் எனப் பலவூர்களிலே தமிழாசிரியர்களை நாடிச் சென்றார். இறுதியில் 1871-ஆம் ஆண்டு மாயூரத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவரை ஒப்புவித்தார். அவ்வூரிலே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலும் வாய்ப்பும் மைந்தர்க்குக் கிட்டிற்று. ஆயினும், அது தம் ஆசிரியர்க்கு விருப்பமன்று என அறிந்து அப்பயிற்சியை அவர் விடுத்தார். 1887-ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணி அவரது பதிப்பாக வெளிவந்தது. தந்தை எண்ணியது இசை. நாட்டுக்குக் கிடைத்தது சங்கத்தமிழ்.

இவ்வரலாற்றை நன்கு நோக்குக. தந்தையார் தம் விருப்பத்தை மறைத்தாருமல்லர், அதனையே கட்டளையாக்கினாருமல்லர். மகனுக்குத் தக்க துணையைத் தேடித் தந்தார். மைந்தரும் பெற்றோரைப் பகைத்து வீட்டை விட்டு அகன்றாரல்லர்; தாம் தேர்ந்த வழிக்குரிய உழைப்பைத் தாமே ஏற்றார். உழைப்பை ஏலாத உரிமை வெறும் பிடிவாதமே. உரிமையை ஈயாத அன்பு சிறையே.

எம் அநுபவத்தையும் ஈண்டுக் கூறுதல் பொருந்தும். மேனிலைத் தேர்வு முடிந்த கோடையில், எம்மைப் பொறியியல் பயிற்றுவிக்க எந்தையார் விழைந்தார். யாம் தமிழே பயில விழைந்தோம். பத்து நாட்கள் இருவரும் பேசிற்றிலேம். எமக்கு உணவு செல்லவில்லை, உறக்கமும் ஒழிந்தது. அஞ்ஞான்று எம் தாய்மாமனார் வந்து இருவரையும் திண்ணையிலே இருத்தி, "மருமகனே, உன் தகப்பனார் கருத்தை நீ சொல், மாப்பிள்ளை, பையன் கருத்தை நீர் சொல்லும்" என்றார். எந்தையார் சொற்களை எம் வாயாற் சொல்லியபொழுதே, அவர் மனத்திலிருந்தது சினமன்று, எம் எதிர்கால உணவைப் பற்றிய அச்சம் என்பதனை உணர்ந்தோம். எந்தையாரும் சற்றுநேரம் வாளாவிருந்து, "இவன் வேறு எதைப் படித்தாலும் வாடிப்போவேன் என்கிறான்" என்றார். தமிழ் பயின்றபின் ஆசிரியப் பயிற்சியும் பெறுதல் வேண்டும் என்றும், திங்கள்தோறும் செலவுக்கணக்கும் தேர்வு மதிப்பெண்ணும் தெரிவித்தல் வேண்டும் என்றும் அன்று உடன்பட்டோம். அவரது ஐயம் இன்னும் முற்றும் நீங்கிற்றில்லை. அதனைப் பொய்யாக்கும் கடன் எம்முடையது.

எம்மூர்க்கு அருகிலே பாலாறு பொருந்தலாறு அணை உளது. அதன் கதவுகளை என்றும் அடைத்தே வைப்பின், பெருமழைக் காலத்தே கரைக்கே கேடு. என்றும் திறந்தே வைப்பின், கோடையிலே வயலுக்கு நீரில்லை. அளவறிந்து திறத்தலே காவலர் தொழில். பெற்றோர் தம் பிடியைப் பையப் பையத் தளர்த்துதலும், பிள்ளைகள் பெற்ற உரிமையைச் சிறுகச் சிறுக மெய்ப்பித்தலும் அத்தன்மையனவே.

நண்பர்காள்! சுமை மிகுமாயின் அதனைத் தனித்துச் சுமவாதீர். தாய்மாமனிடமோ, ஆசிரியரிடமோ, விடுதித் தோழனிடமோ வாய்திறந்து உரைமின். எவரிடமும் உரைக்க நாணுவீராயின், 2022-ஆம் ஆண்டு அரசினர் தொடங்கிய 14416 என்னும் மனநலத் தொலைபேசி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். பெற்றோர்க்கு யாம் விடுக்கும் விண்ணப்பம் ஒன்றே: எம்மை வினவுமுன் எம் மதிப்பெண்ணை வினவாதீர்கள். பெற்றோர் அன்பும் பிள்ளைகள் பொறுப்பும் ஒருங்கே ஓங்குக!