அழித்த லாக் கோப்பு எங்கே போனது?

கேள்வி: எங்கள் சர்வரில் என்ஜின்எக்ஸ் லாக் பெருத்து டிஸ்க் நிரம்பிவிட்டது. கோப்பை அழித்தும் இடம் கிடைக்கவில்லையே! இதைத் தானாகச் சுத்தம் செய்ய வழி உண்டா?

பதில்: லினக்ஸில் கோப்பை அழித்தால் முதலில் போவது பெயர் மட்டும்தான். அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் மூடும்வரை டிஸ்க்கில் இடம் விடுபடாது. என்ஜின்எக்ஸ் அந்தப் பெயரற்ற கோப்பிலேயே சளைக்காமல் எழுதிக்கொண்டிருக்கும். ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளை இந்தக் குட்டை உடைத்துவிடும்.

வழி உண்டு: லாக்ரொட்டேட். பல லினக்ஸ் சர்வர்களில் ஏற்கெனவே இருக்கும். க்ரானோ சிஸ்டம்டி டைமரோ வழக்கமாக நாளுக்கு ஒருமுறை அதை இயக்கும்.

அமைப்புக் கோப்பில் ‘டெய்லி’, ‘ரொட்டேட் 14’, ‘கம்ப்ரஸ்’ என்று எழுதினால் பழைய லாக்குகளில் 14 மட்டும் சுருக்கப்பட்டு மிஞ்சும். பலர் கோட்டைவிடுவது ‘போஸ்ட்ரொட்டேட்’ பகுதியை. அங்கிருந்து யூஎஸ்ஆர்1 சிக்னல் போனால்தான் என்ஜின்எக்ஸ் புதுக் கோப்பைத் திறக்கும். இல்லையென்றால் பெயர் மாறிய பழைய கோப்பிலேயே எழுதும்.

‘காப்பிட்ரங்கேட்’ என்றொரு குறுக்குவழியும் உண்டு. நகலெடுத்துவிட்டு மூலக் கோப்பைக் காலியாக்கும். இடைப்பட்ட நொடியில் வந்த வரிகள் தொலையலாம். சிக்னலுக்கு மசியாத நிரல்களுக்கு மட்டும் அது போதும்.

‘மேக்ஸ்சைஸ் 100எம்’ போட்டாலும், லாக்ரொட்டேட் ஓடும்போதுதான் அளவு பார்க்கப்படும். ஒரே மதியத்தில் டிஸ்க்கை நிரப்பும் சர்வர் என்றால் மணிக்கொருமுறை ஓடவிட வேண்டும்.