சிலம்பத்தில் முதல் பாடம்: கம்பு இல்லை, காலடி



அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து, பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் நம்மில் உண்டு. ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் இருட்டு ரோடு. "பின்னாடி யாராச்சும் வந்தா கையும் ஓடல, காலும் ஓடலக்கா" என்பார்கள். சிலம்பத்தின் முதல் பாடமே அந்தக் கால் ஓடுவதற்குத்தான்.

"இந்த வயசுல கம்பு சுத்தணுமா?" என்று கேட்கலாம். கேரளத்தில் வடகரை மீனாட்சி அம்மா எழுபது வயது தாண்டியும் களரி கற்றுக் கொடுத்தவர். 2017-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் சிலம்பமும் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது.

எப்படித் தொடங்குவது?

1. திறந்த இடம், வெறுங்கால். சுடிதார் நல்லது. சேலை என்றால் தடுக்காமல் இழுத்துச் செருகுங்கள்.

2. ஆசானுக்கும் மண்ணுக்கும் வணக்கம் சொல்லுங்கள்.

3. நிலை: வலது கால் முன்னே, இடது கால் பின்னே. முழங்கால் லேசாக மடங்கட்டும். தரையைப் பார்க்காமல் நேரே பாருங்கள்.

4. காலடி: முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, இடம், வலம். ஒவ்வொரு தடவையும் பழைய நிலைக்கு வாருங்கள். கால் பின்னக் கூடாது. பிறகு இடது காலை முன்வைத்துச் செய்யுங்கள். தினமும் 15 நிமிஷம் போதும்.

5. கால் பழகிய பிறகே கம்பு. நெற்றி உயரம் இருக்கட்டும். வலது கை அடிமுனை அருகில், இடது கை சுமார் 40 செ.மீ. தள்ளி. பக்கத்தில் நிற்பவர் மேல் படாத தூரம் முக்கியம். ஆசான் இல்லாமல் கம்பு வீசாதீர்கள்.

மூட்டுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், பிரசவமோ ஆபரேஷனோ ஆகிச் சில மாதமே ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். நாலு வாரம் பழகினால் யாரையும் அடித்து வீழ்த்திவிட முடியாது. கம்பைப் பஸ்ஸிலும் எடுத்துப் போக முடியாது. ஆனால் காலடி கூடவே வரும். தடுமாறாமல் நிற்பது, சட்டென்று விலகுவது, சத்தம் போடுவது, வெளிச்சம் உள்ள இடத்துக்கு ஓடுவது. அதுதான் நமக்கு வேண்டியது.

சட்டமும் துணை நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்பு உரிமை தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

குழுவில் பேசுவோம்:

- நம் ஊரில் எந்த ரோட்டில் விளக்கு எரியவில்லை? ஊராட்சிக்கு மனு கொடுத்தோமா?
- ராத்திரி வருகிறவர்கள் சேர்ந்து வர ஏற்பாடு உண்டா?
- வாரம் ஒரு நாள் பயிற்சிக்கு இடம் எங்கே? ஆசான் வேண்டுமானால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம்.